பக்கப் இருக்கிறது, விலாசம் எங்கே?

யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தின் சேர்வர் விழுந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "பக்கப் இருக்குத்தானே?" என்பதைத்தான். இருக்கிறது என்று பதில் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கணக்குகள், மாணவர் விவரங்கள், படங்கள், பழைய கடிதங்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் லொக்கருக்குள் கிடக்கின்றன. புதிய சேர்வர் ஒன்றை வாங்கி அதில் ஏற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஏற்றியும் விடுகிறார்கள். ஆனால் இணையத்தளம் திறப்பதில்லை, ஈமெயில் வருவதில்லை. தரவு முழுவதும் பத்திரமாக இருக்க, அதைத் தேடி வருகிறவர்களுக்கு மட்டும் வழி தெரியாமல் போய்விடுகிறது.

அந்த வழியைச் சொல்லும் பதிவுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கோண்டாவிலில் இருந்துகொண்டு வலிகாமம், தென்மராட்சிப் பக்கத்துப் பாடசாலைகள், சங்கங்கள், சிறு நிறுவனங்களின் சேர்வர்களைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். நான் பார்த்த அளவில் எங்கள் நிறுவனங்கள் தரவைப் பிரதியெடுத்து வைக்கப் பழகிவிட்டன. டி.என்.எஸ். பதிவுகளைக் காப்பாற்றி வைக்க இன்னும் பழகவில்லை. அந்தக் குறையைத் தொழினுட்பம் படித்த பிள்ளைகளின் தலையில் போட்டுவிட்டு நிர்வாக சபைகள் ஒதுங்கியிருப்பது சரியில்லை என்பதே என் வாதம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். நாம் பெயரைத் தட்டுகிறோம். அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடிக் கொடுப்பது டி.என்.எஸ். ஆரம்பத்தில் இந்தப் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் எல்லோரும் அதைப் பிரதியெடுத்துப் பாவித்தார்கள். இணைந்த கணினிகள் கூடக்கூட அது சமாளிக்க முடியாத வேலையானது. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் இன்றைய முறையை வகுத்தார். அவரவர் பெயருக்கு அவரவரே பொறுப்பு; அவரவர் பதிவுகளை அவரவர் சேர்வரில் வைத்திருக்க வேண்டும்; மேலே இருப்பவர் "இந்தப் பெயரைப் பற்றி அந்தச் சேர்வரிடம் கேள்" என்று மட்டும் சொல்லுவார். இலங்கையின் டொட் எல்கே 1990இல் இந்த ஒழுங்குக்குள் வந்தது.

ஆக, ஒரு டொமைனுக்குச் சொந்தமான பதிவுகள் அதற்குச் சொந்தக்காரரிடம்தான் இருக்கும். இணையத்தளத்தின் எண் எது, ஈமெயிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இந்தப் பெயரில் ஈமெயில் அனுப்ப யாருக்கு அனுமதி, இந்தப் பெயருக்காகப் பேசும் சேர்வர்கள் எவை என்பன அதில் இருக்கும். அந்தக் கோப்பை சோன் கோப்பு என்கிறோம். ஒரு சாதாரணப் பாடசாலையினுடையதை அச்சிட்டால் ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். இத்தனை சிறியதாக இருப்பதால்தான் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன்.

வலிகாமத்தில் ஒரு கல்வி நிறுவனம், பெயர் வேண்டாம். ஐப்பசி இடி ஒன்றில் அலுவலகச் சேர்வர் கருகியது. இரவுதோறும் பிரதியெடுக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. ஆனால் அந்தப் பிரதி போய் விழுந்தது அதே பெட்டிக்குள் இருந்த இரண்டாவது டிஸ்க்கில். அதுவும் சேர்ந்தே கருகியது. எஞ்சியது லொக்கரில் இருந்த சில மாதப் பழைய பிரதி. அதில் டி.என்.எஸ். கோப்புகளும் இருந்தன என்பது பெரிய ஆறுதல். பல இடங்களில் அதுவும் இருக்காது. என்னைக் கூப்பிட்ட செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "பிள்ளை, எல்லாம் டிஸ்க்கில கிடக்கு. புது மெசினில போட்டுவிட்டால் சரிதானே?" என்றார். "போடலாம் சேர். போட்ட உடன வேலை செய்யுமெண்டு மட்டும் சொல்லமாட்டன்" என்றேன்.

புதிய சேர்வர் புதிய இணைப்பில் வந்தது. எனவே அதன் எண்ணும் புதியது. லொக்கரில் இருந்த கோப்போ பழைய எண்ணையே வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தது. இணையத்தள வரியில், ஈமெயில் வரியில் இருந்த எண்களை மாற்றுவது சுலபம். சேர்வரை நிர்வகிக்கும் மென்பொருளே கேட்டு மாற்றிவிடும். ஆனால் "இந்த எண்ணிலிருந்து வரும் ஈமெயிலை மட்டும் நம்புங்கள்" என்று உலகத்துக்கு அறிவிக்கும் எஸ்.பி.எஃப். என்ற பதிவு மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாக இருக்கும். அதற்குள் இருந்த பழைய எண்ணை மென்பொருள் தொடவில்லை. விளைவு, நிறுவனம் புதிய சேர்வரிலிருந்து அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் அந்த நிறுவனத்தின் சொந்தப் பதிவே போலி என்று சொன்னது. பெற்றோருக்குப் போன அறிவித்தல்கள் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்தன. சில இடங்களில் வாசலிலேயே திருப்பப்பட்டன.

ஈமெயிலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கடிதம் உண்மையானது என்று காட்ட அனுப்பும் சேர்வர் ஒரு மின்கையொப்பம் இடுகிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி டி.என்.எஸ். பதிவில் இருக்கும், கையொப்பமிடும் இரகசியச்சாவி சேர்வரில் வேறொரு போல்டரில் இருக்கும். பிரதியெடுத்தவர் முன்னதை எடுத்திருந்தார், பின்னதை எடுக்கவில்லை. சாவி இல்லாத பூட்டை மீட்டு என்ன பயன்? புதிய சோடி உருவாக்கித்தான் ஆகவேண்டும். டி.என்.எஸ்.செக் என்ற பாதுகாப்பு முறையைப் பாவிக்கும் டொமைன்களுக்கு இதே பிழை இன்னும் கொடியது: சாவி தொலைந்திருக்க மேலிடத்தில் பழைய அடையாளம் அப்படியே நின்றால், சரிபார்க்கும் சேர்வர்களுக்கு அந்தப் பெயரே இல்லாமல் போய்விடும். எங்கள் பக்கத்தில் அதைப் பாவிப்பவர்கள் குறைவு என்பதால் இத்துடன் விடுகிறேன்.

எல்லோரையும் அதிகம் குழப்பியது வேறொன்று. இந்த நிறுவனத்தின் பெயருக்காகப் பேச இரண்டு சேர்வர்கள் இருந்தன: ஒன்று அலுவலகத்தில் இருந்தது, மற்றது லண்டனில் ஒரு பழைய மாணவர் தன் சேர்வரில் அன்பாக ஒதுக்கிக் கொடுத்த இடம். இது நல்ல ஏற்பாடு, எல்லோரும் செய்யவேண்டிய ஏற்பாடு. லண்டன் சேர்வர் தானாக எதையும் எழுதாது. அலுவலகச் சேர்வரிடமிருந்து பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும். எப்போது புதிய பிரதி எடுக்கவேண்டும் என்பதை அறிய, கோப்பின் தலையில் ஒரு தொடரிலக்கம் இருக்கும். வழக்கமாகத் திகதியையே அந்த இலக்கமாக எழுதுவார்கள். பதிவு மாறும்போதெல்லாம் அது கூடும். இலக்கம் கூடியிருந்தால் லண்டன் புதிய பிரதியை எடுக்கும், கூடவில்லை என்றால் கையில் இருப்பதையே வைத்திருக்கும்.

நாங்கள் மீட்டெடுத்ததோ சில மாதப் பழைய கோப்பு. அதன் இலக்கம் லண்டனில் இருந்ததைவிடச் சிறியது. புதிய அலுவலகச் சேர்வரின் எண்ணை லண்டனுக்குச் சொல்லிக் கொடுத்த பிறகும், அது இலக்கத்தைப் பார்த்தது, "இது என்னிடம் இருப்பதைவிடப் பழையது" என்று ஒதுக்கிவிட்டது. விதிப்படி அது சரியாகத்தான் நடந்தது. ஆனால் உலகத்தில் இருந்து வரும் கேள்விகள் இரண்டு சேர்வர்களுக்கும் பிரிந்து போகும். அலுவலகத்திடம் கேட்டவருக்குப் புதிய எண் கிடைத்தது. லண்டனிடம் கேட்டவருக்குக் கருகிப்போன சேர்வரின் எண் கிடைத்தது. ஒரு மேசையில் இணையத்தளம் திறந்தது, அடுத்த மேசையில் திறக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒருவர் "வேலை செய்யுதே" என்றார். சாவகச்சேரியில் இருந்து ஒருவர் "நேற்றுத் திறந்தது, இண்டைக்கு இல்லை" என்றார். வைரஸ் என்றும், யாரோ செய்வினை செய்கிறார்கள் என்றும்கூடப் பேச்சு வந்தது. தொடரிலக்கத்தை அன்றைய திகதிக்கு உயர்த்தியதும் லண்டன் பிரதியை எடுத்துக்கொண்டது. ஒரு வரியில் ஒரு எண்ணை மாற்றும் வேலை அது. அதைக் கண்டுபிடிக்கும்வரை நிறுவனம் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

பழையது புதியதை மூடிவிடும் இந்த ஆபத்து சிறிய இடங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2025 ஒக்ரோபர் 20ஆம் திகதி அமேசானின் வட வர்ஜீனியாச் சேவை முடங்கியபோது உலகெங்கும் எத்தனையோ செயலிகள் நின்றன. அமேசான் பிறகு வெளியிட்ட விளக்கத்தில் காரணம் தெளிவாக இருக்கிறது. டி.என்.எஸ். பதிவுகளைத் தானாகப் புதுப்பிக்கும் இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று முந்தின. பின்தங்கிய ஒன்று பழைய திட்டத்தைப் புதியதற்கு மேல் எழுதியது. அடுத்து வந்த துப்புரவு வேலை அந்தப் பழைய திட்டத்தை அழித்தபோது பதிவே வெறுமையாகிப் போனது. கடைசியில் மனிதர்கள் கைவைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அத்தனை பெரிய கொம்பனியில் அத்தனை பொறியியலாளர்கள் இருந்தும் நடந்தது என்றால், ஒரு சங்கத்தில் பகுதிநேரமாக வந்துபோகும் பொடியனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

கோப்பில் இல்லாத பதிவுகள் அடுத்த துன்பம். லொக்கர்ப் பிரதி எடுத்த பிறகு, இணையவழி விண்ணப்பத்துக்கென்று ஒரு துணைப்பெயரை யாரோ சேர்த்திருந்தார்கள். சேர்த்தவர் வேலையை விட்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். எங்கும் எழுதி வைக்கவில்லை. வவுனியாவிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளைக்கு விண்ணப்பம் போட முடியேல்லை" என்று சொன்னபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரியவந்தது. இப்படித் தவறிப்போன பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதும்போது இன்னொரு பொறி காத்திருக்கும். சோன் கோப்பில் முழுப்பெயர் ஒன்றை எழுதினால் முடிவில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். வைக்காவிட்டால், சேர்வர் அதை அரைகுறைப் பெயராக எடுத்துக்கொண்டு அதன் பின்னால் டொமைன் பெயரை இன்னொரு தடவை ஒட்டிவிடும். 2009 ஒக்ரோபர் 12 இரவு சுவீடனின் டொட் எஸ்இ முழுவதும் செயலிழந்தது இந்தப் புள்ளியால்தான். கோப்பைத் தயாரிக்கும் நிரல் புள்ளியை விட்டுவிட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் டொமைன்கள் ஒரே நேரத்தில் காணாமற்போயின. பிழையை அவர்கள் விரைவாகத் திருத்திவிட்டார்கள். ஆனால் இணைய இணைப்பு வழங்கும் கொம்பனிகள் பிழையான பதிலை ஏற்கெனவே தங்கள் நினைவில் வைத்துவிட்டதால், அது கழியும்வரை பலருக்குத் தளங்கள் திறக்கவில்லை. அந்த நினைவு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் சோன் கோப்பே சொல்கிறது. எங்கள் ஊர்க் கோப்புகளில் அது பெரும்பாலும் ஒரு முழு நாளாக இருக்கிறது. யாரும் யோசித்து வைத்ததல்ல, மென்பொருள் போட்டபடியே விட்டது.

தமிழில் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டொட் இலங்கை என்ற தமிழ் முடிவும் டொட் லங்கா என்ற சிங்கள முடிவும் 2010இலேயே நடைமுறைக்கு வந்தன. உலகில் சொந்த எழுத்தில் நாட்டுப் பெயர் பெற்ற முதல் சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் சோன் கோப்புக்குள் தமிழ் எழுத்து நேரடியாக இருக்காது. எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறுகோடுகளுக்குப் பின் வாசிக்கவே முடியாத எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசையாக மாறி இருக்கும். மீட்டெடுக்கும் அவசரத்தில் ஒருவர் அதை ஏதோ குப்பை வரி என்று நீக்கிவிட்டதை நான் கண்டிருக்கிறேன். ஆங்கிலப் பெயர் வேலை செய்ததால் தமிழ்ப் பெயர் செத்துப்போனதை நெடுநாளாக யாரும் கவனிக்கவில்லை. தமிழில் பெயர் பதிகிறவர்கள் அந்தக் குறியீட்டு வரிசையைப் பக்கத்தில் தமிழோடு சேர்த்து எழுதி வைக்கவேண்டும்.

இனி எல்லாவற்றிலும் கடினமானதைச் சொல்கிறேன். அந்த வலிகாமத்துக் கல்வி நிறுவனத்தின் அலுவலகச் சேர்வரின் எண் மாறியதை டொமைன் பதிவு செய்த இடத்திலும் மாற்றவேண்டும். மேலிடம் கேள்விகளை எங்கே அனுப்புவது என்று அறிவது அங்கிருந்துதான். அந்தப் பதிவுக் கணக்கு ரொறன்ரோவில் உள்ள ஒரு பழைய மாணவரின் பெயரில் இருந்தது. ஆரம்பத்தில் ஊரில் கடனட்டை வைத்திருப்பவர்கள் குறைவாக இருந்ததால் அவரே தன் காசில் பதிந்து கொடுத்திருந்தார். பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தது. புதிய பாஸ்வேர்டுக்கான ஈமெயில் எந்த விலாசத்துக்குப் போகும் என்று பார்த்தால், அதே டொமைனில் உள்ள ஒரு விலாசத்துக்கு! கருகிய சேர்வரைச் சரிசெய்ய வேண்டிய கடிதம் கருகிய சேர்வருக்கே போய்க்கொண்டிருந்தது. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஆறு மணி நேரமளவு காணாமற்போனபோதும் இதே வட்டம்தான். டி.என்.எஸ். சேர்வர்களை உலகத்தால் எட்ட முடியவில்லை. அவற்றைச் சரிசெய்யும் உட்கருவிகளும் அதே டி.என்.எஸ்.ஸை நம்பியிருந்தன. அந்தக் கல்வி நிறுவனம் கடிதத்தலைப்பு, அடையாள அட்டைப் பிரதி, சத்தியக்கடதாசி என்று வாரக்கணக்கில் அனுப்பித்தான் கணக்கை மீட்டது. ரொறன்ரோ அண்ணா உயிரோடும் நல்ல மனத்தோடும் இருந்ததால் அதுவாவது முடிந்தது.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. காணி இங்கே இருக்கும். உறுதி கனடாவில் ஒரு அலுமாரிக்குள் இருக்கும். அற்றோணித் தத்துவம் யாரிடம் என்று மூன்று குடும்பம் தேடும். டொமைன்களிலும் அதே கதை நடக்கிறது. 2022இல் இது இன்னும் கூடியது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. ஊர்க் கார்ட்டுகளால் வெளிநாட்டுக்குக் காசு கட்டுவதே பெரும்பாடாக இருந்தது. டொமைன் கட்டணம் கட்டவேண்டிய திகதி வந்தபோது "தம்பி, நீ அங்கயிருந்து கட்டிவிடு" என்று வெளிநாட்டு உறவுகளிடம் கேட்டோம். அவர்களும் தங்கள் பெயரிலேயே பதிந்து கட்டினார்கள். அந்த நேரத்தில் அதைத் தவிர வழியிருக்கவில்லை. செய்தவர்கள் எங்கள் நன்றிக்கு உரியவர்கள். ஆனால் நெருக்கடி தணிந்த பிறகு அந்தப் பெயர்களை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றியவர்கள் எத்தனை பேர்?

அரசாங்கம் இதைவிட நல்ல முன்மாதிரி காட்டியதா என்றால், இல்லை. 2023 ஓகஸ்ட் இறுதியில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச சேர்வர் தொகுதியை ரான்சம்வெயர் தாக்கியது. மந்திரிசபை அலுவலகம் உட்பட அரச ஈமெயில் விலாசங்கள் 5,000 அளவில் பாதிக்கப்பட்டன. தொகுதியை மீண்டும் இயக்கினார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த, போன கடிதங்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கு இணையத்தில் இருந்து துண்டித்து வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. பழைய 2013ஆம் ஆண்டு மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்ச் பதிப்பையே அதுவரை ஓட்டிக்கொண்டிருந்ததும், அதை மேம்படுத்தக் காசு ஒதுக்கப்படாததும் அப்போது வெளிவந்தன. யாழ்ப்பாணக் கச்சேரியில் ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒருவருக்கு அந்த மூன்று மாதங்கள் என்ன விலை என்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அதற்கு முன், 2021 பெப்ரவரி 6 சனிக்கிழமை காலை, கூகிள் டொட் எல்கே போன்ற சில பெயர்களைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம், ஊடக சுதந்திரம் போன்ற விடயங்களை எழுதிய பக்கம் அது. கூகிளின் சேர்வர்கள் எதையும் யாரும் உடைக்கவில்லை. அந்தப் பெயர்களுக்குரிய டி.என்.எஸ். பதிவுகளில் மட்டும் யாரோ கைவைத்துவிட்டார்கள். சில மணி நேரத்தில் பழைய பதிவுகளை மீட்டார்கள். உடனே மீட்க முடிந்தது சரியான பதிவு எது என்பது தெரிந்திருந்ததால்தான். எங்கள் ஒரு பாடசாலையின் பதிவில் நாளைக்கு யாராவது கைவைத்தால், நேற்றுவரை அது எப்படி இருந்தது என்று எடுத்துக்காட்ட அந்தப் பாடசாலையில் ஒரு தாள் இருக்கிறதா?

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பதில் வரும்: "ஏன் இந்தக் கரைச்சல்? எல்லாத்தையும் கூகிளிட்டக் குடுத்துவிடலாம். கடைக்குப் பேஸ்புக் பக்கம் ஒண்டு காணும்." ஈமெயிலைப் பெரிய கொம்பனியிடம் கொடுப்பதை நான் மறுக்கவில்லை, அலுவலக மூலையில் குளிரூட்டியும் இல்லாமல் ஓடும் பெட்டியைவிட அது பல இடங்களுக்குப் பொருந்தும். 2022 மார்ச் முடிவில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஈமெயிலை யாரிடம் கொடுத்தாலும், "எங்கள் ஈமெயில் அங்கே இருக்கிறது" என்று சொல்லும் பதிவு எங்கள் டொமைனில்தான் இருக்கும். அதை ஒருவர் தவறி அழித்தால் கூகிளிடம் முறையிட்டு என்ன செய்வது? பதிவுகளை இணையத்தில் வைத்து நிர்வகித்துக் கொடுக்கும் சேவைகளிலும் அழித்த வரி தானாகத் திரும்பிவராது. கோப்பாக இறக்கி எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. பேஸ்புக் பக்கமோ நாங்கள் வாடகைக்குக் கூட எடுக்காத இடம். நாளை அதை மூடினால் கேட்க ஒரு கந்தோர்கூடக் கிடையாது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள எதையும் அல்ல. சோன் கோப்பை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அச்சிட்டு, திகதி போட்டு, பொறுப்பானவர் கையொப்பமிட்டு, காசோலைப் புத்தகம் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. உலகம் கேட்டால் சேர்வர் சொல்லும் விவரங்கள்தான் அவை. இரகசியச்சாவிகளை மட்டும் தனியாக, வேறு இடத்தில், பூட்டி வையுங்கள். டொமைன் பதிவு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். தொடர்புக்கு ஊரில் வசிக்கும் இருவர் இருக்கட்டும். அந்த இருவரின் ஈமெயிலும் அதே டொமைனில் இல்லாமல் இருக்கட்டும். பெயருக்காகப் பேசும் இரண்டாவது சேர்வர் வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்கட்டும். இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே பெட்டியைக் காட்டும் வழக்கம் எங்கள் ஊரில் பரவலாக இருக்கிறது. அந்தப் பெட்டி நின்றால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவை உண்மையாகவே மீட்டுப் பாருங்கள். தவணை விடுமுறையில் ஒரு பழைய கணினியை எடுத்து, இணையத்தோடு தொடுக்காமல், லொக்கர்ப் பிரதியை அதில் ஏற்றி, ஒவ்வொரு பெயரையும் அதனிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. எந்தப் பதிவு விடுபட்டது, எந்தச் சாவி இல்லை, எந்தப் பெயர் யாருடைய கணக்கில் கிடக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே வெளிவரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கணினி விஞ்ஞானத் துறை விரும்பினால், மாகாணத்துப் பாடசாலைகளின் டொமைன்களுக்கு இரண்டாவது சேர்வராக நிற்கும் பொறுப்பை எடுக்கலாம். மிகச் சிறிய கணினி ஒன்றே அதற்குப் போதும்.

மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு பாடசாலையிலும் பொருள் கணக்கெடுப்பு நடக்கிறது. கதிரை, மேசை, உடைந்த கரும்பலகை, ஓடாத மின்விசிறிவரை எண்ணி எழுதுகிறார்கள். கணினியையும் எண்ணுகிறார்கள். பாடசாலையின் டொமைன் அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. இந்த வருடப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: டொமைன் பெயர், யார் பெயரில் பதியப்பட்டது, காலாவதித் திகதி, சோன் கோப்பின் அச்சுப் பிரதி உண்டா, கடைசியாக மீட்டுப் பார்த்த திகதி. கணக்கெடுக்க வரும் அதிகாரி அதிபரிடம் அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.